காலிப் பணியிடத்துச் சம்பளம் எங்கே போகிறது? போலீஸ் பட்ஜெட்டும் பொதுமக்கள் மேற்பார்வையும்

மார்ச் 2, வாசகர் கேள்வி

அக்கா, நான் இருக்கும் அமெரிக்க நகரத்தில் போலீஸ் பட்ஜெட்டையும் ஆள் எண்ணிக்கையையும் பார்க்க ஒரு சிவிலியன் கமிட்டி போடுகிறார்கள். விண்ணப்பிக்கச் சொல்லி நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். ஒரு நாள்கூட ரோந்து போகாத ஏழு பேர் உட்கார்ந்து, இத்தனை போலீஸ் போதும், இவ்வளவு பணம் போதும் என்று எப்படிச் சொல்வது? ஆபரேஷன் தியேட்டரில் எத்தனை டாக்டர் வேண்டும் என்று நோயாளியின் மாமாவா முடிவு செய்வார்? வெறும் கண்துடைப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

மார்ச் 2, இரவு

விண்ணப்பம் போடுங்கள் தம்பி. நானும் அமெரிக்காவில் ஒரு நடுத்தர நகரத்தில் நாலு வருஷம் அப்படி ஒரு கமிட்டியில் இருந்தவள். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை.

மாமா உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். பதினொரு வருஷம் ஒரு மருத்துவமனையில் நர்ஸ்களுக்கு ஷிஃப்ட் அட்டவணை போட்டேன். எனக்கு ஊசி குத்தத் தெரியாது. ஆனால் ஒரு படுக்கைப் பக்கத்தில் இரவும் பகலும் ஒருவர் நிற்க வேண்டுமென்றால் எத்தனை பேரை வேலைக்கு எடுக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர் தாளில் 2,080 மணி நேரம் வருகிறார். விடுப்பு, உடம்பு முடியாத நாள், பயிற்சி எல்லாம் கழித்தால் சுமார் 1,700 நிற்கும். வகுத்துப் பாருங்கள், ஐந்துக்கு மேல் வரும். ஒரு இடத்தில் எப்போதும் ஒரு ஆள் இருக்க ஐந்து பேர் வேண்டும். ரோந்து காருக்கும் இதே கணக்குதான். தலைமை அதிகாரி வந்து "இருபத்து நாலு மணி நேரமும் இன்னும் நாலு கார் ஓட வேண்டும்" என்றால், காருக்கு ஒருவர் என்றாலே இருபது பேர். இதைக் கேட்கத் துப்பாக்கி பிடித்திருக்க வேண்டியதில்லை.

எந்த அழைப்புக்கு யார் போக வேண்டும் என்பது அவர்கள் தொழில் என்று நினைத்து அதில் நான் வாயே திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும் என்று பிறகுதான் பட்டது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

மார்ச் 3

முதலில் எதைக் கேட்பது என்கிறார் இன்னொருவர். மொத்தத் தொகையை விட்டுவிடுங்கள். அது எப்போதும் பெரிதாக இருக்கும், அதில் ஆகப் பெரும்பகுதி சம்பளமும் சலுகைகளும். காரும் கருவியும் கழித்தபின் மிச்சம் சொற்பம்.

கேட்க வேண்டியது மூன்று எண்ணிக்கை. நகர கவுன்சில் அனுமதித்த பணியிடம் எத்தனை? அதில் ஆள் இருப்பது எத்தனை? இன்று இரவு சீருடை போட்டுத் தெருவில் இறங்கக்கூடியவர் எத்தனை பேர்? கணக்குக்காக நூறு பணியிடம் என்று வையுங்கள். பதினைந்து காலி. மிச்சம் எண்பத்தைந்தில் ஏழு பேர் இன்னும் அகாடமியில், அதாவது போலீஸ் பயிற்சிப் பள்ளியில், அல்லது மூத்த அதிகாரியோடு களப்பயிற்சியில். ஆறு பேர் காயம், பிரசவம், விசாரணை என்று நீண்ட விடுப்பில். நூறு என்று பேசிக்கொண்டிருந்தது எழுபத்திரண்டாகிவிட்டது. அதிலும் துப்பறிவு, பள்ளிகள், அலுவலகம் எல்லாம் போகத்தான் ரோந்து.

நூறு பேருக்கும் சம்பளம் ஒதுக்கியாயிற்று. அந்தப் பதினைந்து பேரின் சம்பளம் எங்கே? பெரும்பாலும் ஓவர்டைமுக்குப் போகிறது. ஆள் குறைவதால் ஓவர்டைம் ஏறுகிறது. ஓவர்டைமுக்குக் காலிப் பணியிடப் பணம் உதவுகிறது. அடுத்த வருஷம் ஓவர்டைம் ஏறியதைக் காட்டி இன்னும் பணியிடம் கேட்கிறார்கள், பழைய காலியிடம் அப்படியே கிடக்கிறது. முதல் வருஷம் இந்த வரியை ஒரு இணைப்புத் தாளில் கண்டபோது கை நடுங்கியது. திருட்டைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மார்ச் 3, பிறகு

"அப்போ மோசடிதானே" என்று உடனே மூன்று பேர். இல்லை. கவுன்சிலுக்குத் தெரிந்தே, பல இடங்களில் விதிப்படியே நடப்பது. யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகவில்லை. ஆனால் நூறு பேருக்கு என்று கேட்டு வாங்கிய பணம் வேறு வேலைக்குச் செலவாகிறது, அதை வரி கட்டுகிறவரிடம் ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை. எனக்கு வலித்தது அதுதான், இன்றும் வலிக்கிறது.

மார்ச் 5

டெக்சாஸிலிருந்து ஒருவர், ஆயிரம் பேருக்கு இரண்டு போலீஸ் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால் வம்பு தீர்ந்ததே என்கிறார். ஆஸ்டினில் 2021 நவம்பரில் கிட்டத்தட்ட அதையேதான் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எதிர்த்து வாக்களித்துத் தோற்கடித்தார்கள். போலீஸ் தலைவர்களின் சர்வதேச சங்கமே ஆயிரத்துக்கு இத்தனை என்ற விகிதத்தை வைத்து ஆள் எண்ணிக்கையை முடிவு செய்வது சரியில்லை என்றுதான் சொல்கிறது. பகலில் மூன்று மடங்கு ஆள் வந்துபோகும் ஊரும் வெறும் குடியிருப்பு ஊரும் ஒன்றா?

எண்ணைச் சட்டத்தில் எழுதிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு ஊர்களைப் பாருங்கள். மினியாபொலிஸ் நகர சாசனத்தில், அதாவது நகரத்தின் அடிப்படைச் சட்டத்தில், 1961-இல் ஒரு திருத்தம் செய்து, குடிமக்கள் ஒருவருக்கு 0.0017 போலீஸ் ஊழியர் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி அது 731 பேர். 2020-இல் அந்த ஊர்ப் போலீஸ்காரர் ஒருவரால் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு அந்த விதியையே எடுத்துவிட்டுப் புதிய துறை அமைக்கலாம் என்று 2021 நவம்பரில் வாக்கெடுப்பு. சுமார் 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நகரத்தின் வடபகுதியில் குடியிருப்பவர்கள் எட்டுப் பேர் வழக்குப் போட்டார்கள், சாசனம் சொல்லும் அளவுக்குப் போலீஸ் இல்லை என்று. 2022 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம், 731 பேரை வேலையில் வைத்திருப்பது மேயரின் கடமை, முடியாவிட்டால் காரணம் காட்ட வேண்டும் என்றது. பணத்தைக் கவுன்சில் ஒதுக்கியிருந்தது. ஆள்தான் இல்லை. நூற்றுக்கணக்கில் விலகிப் போய்விட்டார்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோ சாசனத்தில் 1994-இலிருந்து 1,971 முழுப்பணி அதிகாரிகள் என்று இருந்தது. 2020 நவம்பரில் மக்களே வாக்களித்து அந்த எண்ணை எடுத்தார்கள். அதற்குப் பதிலாக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தலைமை அதிகாரி ஆள் தேவை பற்றி அறிக்கை தர வேண்டும், சிவிலியன்கள் இருக்கும் போலீஸ் கமிஷன் அதைப் பொதுவில் விசாரிக்க வேண்டும் என்று வைத்தார்கள். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. 2024 மார்ச்சில் மறுபடி ஒரு குறைந்தபட்ச எண்ணைக் கொண்டுவர முயன்றார்கள், புதிய வரி கிடைத்தால்தான் அமலாகும் என்ற நிபந்தனையோடு. தோற்றது.

டாலஸில் 2024 நவம்பரில் மயிரிழையில் வென்ற திருத்தம் 4,000 அதிகாரிகள் வேண்டும் என்கிறது. அங்கே இருக்கும் தமிழர்கள் யாராவது கவுன்சில் கூட்டத்துக்குப் போனால் எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.

மார்ச் 6

3-ஆம் தேதி எழுதியதில் ஒரு தவறு. பதினைந்து காலியிடத்தின் முழுச் சம்பளமும் ஓவர்டைமுக்குப் போகிறது என்பதுபோல எழுதிவிட்டேன். பல நகரங்கள் பட்ஜெட் போடும்போதே, எப்படியும் சிலர் விலகுவார்கள் என்று ஒரு தொகையை முன்கூட்டியே கழித்துவிடுகின்றன. பதினைந்தில் எட்டுப் பேருக்குப் பணமே ஒதுக்கப்படாமல் இருக்கலாம். அந்தக் கழிவு எவ்வளவு என்று கேட்காமல் குற்றம் சொல்லக் கூடாது. நான் சொல்லியிருக்கிறேன், ஒரு பொதுக்கூட்டத்தில், மைக்கில். நிதித்துறைப் பெண் எழுந்து பொறுமையாகத் திருத்தினார்.

இன்னொன்றும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். புதிதாக ஒருவரை எடுத்தால் சம்பளம் மட்டும் இல்லை. மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்கு, அகாடமிச் செலவு எல்லாம் சேரும். ஏற்கெனவே இருப்பவரை ஒன்றரை மடங்கு ஓவர்டைமுக்குக் கூப்பிட்டால் இவை பெரும்பாலும் மறுபடி வராது. ஆகவே சில நேரம் ஓவர்டைம் மலிவு. பணக்கணக்கில் மலிவு, சரி. அந்த மலிவை உடம்பால் ஈடுகட்டுவது யார் என்று அன்று நான் கேட்கவில்லை.

மார்ச் 9

அதிகாரம் பற்றி. "மேற்பார்வை" என்ற ஒரே சொல்லைப் போட்டு ஊருக்கு ஊர் வேறு வேறு பண்டத்தை விற்கிறார்கள். உங்கள் கமிட்டி எந்த வகை என்று நியமன ஆணையைப் படித்துப் பாருங்கள், தம்பி.

லாஸ் ஏஞ்சலஸில் மேயர் நியமிக்கும் ஐந்து சிவிலியன்கள்தான் போலீஸ் துறைக்கே தலைமை வாரியம், பட்ஜெட் கோரிக்கை அவர்கள் மேஜையைத் தாண்டித்தான் போகும். சிகாகோவில் 2021-இல் சட்டம் போட்டு நகர அளவில் ஒரு கமிஷனும், 22 போலீஸ் மாவட்டங்களில் தலா மூன்று பேர் கொண்ட கவுன்சில்களும் அமைத்தார்கள். 2023 பிப்ரவரியில் முதல் தேர்தல். பட்ஜெட்டைப் பார்த்துப் பரிந்துரைக்கலாம், முடிவு நகர கவுன்சிலிடம். ஓக்லாந்தில் 2016 வாக்கெடுப்பில் பிறந்த கமிஷனுக்குத் தலைமை அதிகாரியை நீக்குவதில் பங்கு உண்டு. 2020 பிப்ரவரியில் மேயரோடு சேர்ந்து நீக்கியும் காட்டியது.

கான்சஸ் சிட்டி, மிசூரி. இந்த ஊர் எனக்குத் தூக்கம் கெடுத்தது. 1939-இலிருந்து அங்கே போலீஸை நடத்துவது ஒரு வாரியம். ஐந்து பேரில் நாலு பேரை மாநில ஆளுநர் நியமிக்கிறார், ஐந்தாவது மேயர். நகரத்தின் பொது வருமானத்தில் 20 சதவீதம் கட்டாயம் போலீஸுக்கு என்று மாநிலச் சட்டம் இருந்தது. 2021-இல் கவுன்சில் 42 மில்லியன் டாலரை எடுத்து, அதை எப்படிச் செலவழிப்பது என்று நாங்களும் பேசுவோம் என்றது. நீதிமன்றம் செல்லாது என்றது. பிறகு அந்த 20-ஐ 25 ஆக்கிவிட்டார்கள், மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு வைத்து. முதல் வாக்கெடுப்பில் செலவு பற்றிய குறிப்பு தவறானது என்று மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ய, 2024 ஆகஸ்டில் மறுபடி வைத்து மறுபடி வென்றார்கள். அந்த வாரியத்தில் இருப்பவர்களும் சிவிலியன்கள்தான். சீருடை இல்லாதவர் இருந்தால் மட்டும் போதுமா? அந்த ஊரில் வரி கட்டுபவர் யாரிடம் போய்க் கேட்பார்?

மார்ச் 10

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு தங்கை, டொராண்டோவில் எப்படி என்கிறார். போலீஸ் வாரியம் மதிப்பீட்டைத் தயாரித்து நகர மன்றத்துக்கு அனுப்பும். மன்றம் மொத்தத் தொகையைத்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும். இந்தப் பிரிவை வெட்டு, அந்தக் கருவியை வாங்காதே என்று வரி வரியாகச் சொல்ல ஒன்டாரியோ சட்டம் விடாது. உங்கள் கவுன்சிலரைப் பிடித்து உலுக்குவதைவிட வாரியக் கூட்டத்தில் பெயர் கொடுத்துப் பேசுங்கள்.

மார்ச் 14

எழுதுவதா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

இரண்டாம் வருஷம் ஓவர்டைம் பட்டியலை வாங்கி, அதிகம் சம்பாதித்த பத்துப் பேரை வரிசைப்படுத்தினேன். பெயர் போடவில்லை, ஊழியர் எண் மட்டும். கூட்டத்தில் திரையில் போட்டேன். இரண்டாவது எண்காரர் ஓவர்டைமிலேயே கிட்டத்தட்ட இன்னொரு சம்பளம் வாங்கியிருந்தார். கூட்டத்தில் சலசலப்பு. எனக்குப் பெருமை.

இரண்டு மாதம் கழித்து ரோந்து காரில் உடன் போகும் வாய்ப்பு வந்தது. கமிட்டியில் எல்லோரும் வருஷத்துக்கு ஒரு முறை போக வேண்டும் என்பது விதி. மாலை ஆறிலிருந்து. ஓட்டிய அதிகாரி அதிகம் பேசவில்லை. பத்து மணி சுமாருக்கு அவரே, "அந்த இரண்டாவது எண் நான்தான்" என்றார். கோபமே இல்லாத குரல். அவர் பகுதியில் நாலு பணியிடத்தில் மூன்று காலி. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் மாற்றாள் இல்லையென்றால் வீட்டுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு வரும், அதற்குக் கட்டாய ஓவர்டைம் என்று பெயர். போன மாதம் ஒன்பது முறை. மகளின் பிறந்தநாளன்று ஒரு முறை. அன்றிரவு அவருக்கு அது பதினான்காவது மணி நேரம்.

பதினோரு மணிக்கு ஓர் அழைப்பு. ஒரு பையன், மருந்தை நிறுத்தியிருக்கிறான், குளியலறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கிறான், அம்மா வாசலில் அழுகிறார். எந்தக் குற்றமும் நடக்கவில்லை. பதினான்கு மணி நேரம் விழித்திருந்த, இடுப்பில் துப்பாக்கி இருந்த ஒருவர் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து ஒன்றேகால் மணி நேரம் பேசினார். பையன் வந்தான். நல்லபடியாக முடிந்தது. நான் காரில் உட்கார்ந்து, முடியாமல் போயிருந்தால் என்ற நினைப்பிலேயே இருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பத்துப் பேர் பட்டியலைப் பதிவிலிருந்து எடுக்கச் சொல்லி நானே தீர்மானம் கொண்டுவந்தேன். யார் அதிகம் வாங்கினார் என்று கேட்டது தவறு. எந்தப் பணியிடம் காலியாக இருந்ததால் அந்த மணி நேரம் தேவைப்பட்டது என்று கேட்டிருக்க வேண்டும். முதல் நாள் சொன்னேனே, எந்த அழைப்புக்கு யார் போக வேண்டும் என்பதில் வாய் திறக்கவில்லை என்று. அந்தக் குளியலறை வாசலுக்கு ஒரு மனநல ஊழியர் வந்திருந்தால் அந்த ஒன்றேகால் மணி நேரம் ரோந்துக்குக் கிடைத்திருக்கும், அவரும் வீட்டுக்குப் போயிருப்பார். டென்வரில் 2020 ஜூனிலிருந்து இப்படிப்பட்ட சில அழைப்புகளுக்குப் போலீஸ் இல்லாமல் மனநல ஊழியரும் மருத்துவ உதவியாளரும் போகிறார்கள். ஆள் எண்ணிக்கை பற்றிய பேச்சில் இதைச் சேர்க்காமல் எப்படி இருந்தேன்?

மார்ச் 15

எல்லோரும் அந்த அதிகாரி மேல் இரக்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் உண்டு. அதற்காக ஓவர்டைம் எல்லாமே கட்டாயம் என்று நினைத்துவிட வேண்டாம். நீதிமன்றத்தில் பத்து நிமிடம் சாட்சி சொன்னாலும் குறைந்தபட்சம் மூன்று நாலு மணி நேரச் சம்பளம் என்று யூனியன் ஒப்பந்தங்களில் இருக்கும். திருவிழா, விளையாட்டுப் போட்டிக் காவலுக்கு விரும்பி வருபவர்களும் உண்டு. எங்கள் ஊரில் சில மாதங்களில் இந்த இரண்டும் சேர்ந்து கட்டாய ஓவர்டைமைத் தாண்டியிருந்தன. காரணவாரியாகப் பிரித்துத் தந்தபிறகுதான் இது தெரிந்தது.

மார்ச் 19

மானியம். மத்திய அரசின் போலீஸ் நியமனத் திட்டம் 1994 குற்றவியல் சட்டத்தோடு வந்தது. புதிய அதிகாரி ஒருவரின் ஆரம்பநிலைச் சம்பளம், சலுகைகளில் 75 சதவீதம் வரை, மூன்று வருஷத்துக்கு, தலைக்கு அதிகபட்சம் 1,25,000 டாலர். மூன்று வருஷம் முடிந்தபின் குறைந்தது பன்னிரண்டு மாதம் நகரம் சொந்தப் பணத்தில் வைத்திருக்க வேண்டும். கூட்டத்தில் இதை "இலவசமாகப் பத்து அதிகாரிகள்" என்று அறிமுகம் செய்வார்கள். அதிகாரி இருபது, இருபத்தைந்து வருஷம் இருப்பார், சம்பளம் ஏறும், பிறகு ஓய்வூதியம். நாலாம் வருஷம் எந்தக் கணக்கிலிருந்து என்று கேளுங்கள். நான் கேட்டபோது ஒருவரிடமும் பதில் இல்லை.

மார்ச் 19, இன்னும் ஒன்று

போலீஸ் மேல் போடும் வழக்குகளில் கொடுக்கும் இழப்பீடு பல ஊர்களில் போலீஸ் பட்ஜெட்டில் இருக்காது, தேடி அலையாதீர்கள். நியூயார்க்கில்கூட அது நகரத்தின் பொதுக்கணக்கிலிருந்துதான் போகிறது. அந்தத் தொகையை அருகருகே வைத்து ஒரே தாளில் காட்டச் சொல்லுங்கள். துறையின் பணம் ஒரு சதம்கூடக் குறையாமல் இழப்பீடு போய்க்கொண்டிருந்தால், பயிற்சிக்குப் பணம் போதாது என்ற வாதத்தை வேறு கண்ணோடு பார்க்க வரும்.

மார்ச் 26

கமிட்டிக்கே சம்பளமில்லை, ஊழியர் இல்லை, எப்படி வேலை செய்வது என்று முதல் கேள்வி கேட்ட தம்பியே மறுபடி எழுதியிருக்கிறார். விண்ணப்பித்துவிட்டாராம். சந்தோஷம்.

இதற்கு மூன்று ஊர்கள் வழி கண்டிருக்கின்றன. சிகாகோவில் போலீஸ் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் சிவிலியன் அலுவலகத்துக்கு, போலீஸ் துறையின் மானியம் சேராத ஒதுக்கீட்டில் குறைந்தது ஒரு சதவீதம் தர வேண்டும். நியூயார்க்கில் 2019 நவம்பர் வாக்கெடுப்பின்படி, புகார் வாரியத்தின் ஊழியர் எண்ணிக்கைக்கான பணம் சீருடைப் போலீஸ் எண்ணிக்கையில் 0.65 சதவீதத்துக்கு ஈடாக இருக்க வேண்டும். ஓக்லாந்தில் நூறு அதிகாரிகளுக்கு ஒரு விசாரணையாளர். போலீஸ் வளர்ந்தால் மேற்பார்வையும் வளரும். நெருக்கடி வருஷத்தில் முதல் வெட்டு மேற்பார்வை அலுவலகத்தின் மேல் விழாமல் இது காப்பாற்றும். எங்களுக்கு இப்படி எதுவும் இல்லை. நகரச் செயலர் அலுவலகத்திலிருந்து ஒருவர் மாதம் ஆறு மணி நேரம் இரவல். கூட்டக் குறிப்பு எழுதவே அது சரியாகப் போனது.

ஏப்ரல் 2

2021-இல் டெக்சாஸ் போட்ட சட்டத்தை நான் மறைத்துவிட்டேன் என்கிறார் ஒருவர். மறைக்கவில்லை, விட்டுப்போனது. ஆஸ்டின் கவுன்சில் 2020 ஆகஸ்டில் போலீஸ் பட்ஜெட்டில் சுமார் 150 மில்லியன் டாலரை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, எடுப்பதாக அறிவித்தது. உடனடியாக வெட்டியது அதில் சிறு பகுதிதான். பெரும்பகுதி தடயவியல் ஆய்வகம், 911 அவசர அழைப்பு மையம் போன்றவற்றை வேறு துறைக்கு மாற்றுவது, மற்றதை மறுயோசனை செய்வது. அடுத்த வருஷமே மாநிலம், 2,50,000 பேருக்கு மேல் இருக்கும் நகரம் போலீஸ் பட்ஜெட்டைக் குறைத்தால் அபராதம்போன்ற தண்டனைகள் என்று சட்டம் போட, பணம் திரும்பிப் போனது.

முன்பு இதை மாநிலத்தின் அராஜகம் என்று மட்டும் பார்த்தேன். இப்போது இன்னொன்றும் படுகிறது. இடம் மாற்றியதையும் வெட்டியதையும் ஒரே எண்ணில் கூட்டி அறிவித்தது தவறு. ஆதரித்தவர்கள் அந்தப் பெரிய எண்ணை நம்பிக் கொண்டாடினார்கள், எதிர்த்தவர்கள் அதே எண்ணை நம்பிப் பயந்தார்கள். எண்ணைத் தனித்தனியாகச் சொல்லியிருந்தால் சட்டம் வந்திருக்காது என்று சொல்லவில்லை. ஊர் மக்கள் எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்றாவது தெரிந்து போட்டிருப்பார்கள்.

ஏப்ரல் 3

எங்கள் ஊரில் இதற்குத் தேர்தலே உண்டே என்கிறார் இங்கிலாந்தில் இருக்கும் ஒருவர். ஆமாம், அங்கே போலீஸுக்கான உள்ளூர் வரியையே நிர்ணயிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணையர் இருக்கிறார். 2012 நவம்பரில் முதல் தேர்தல், வாக்களித்தவர் சுமார் 15 சதவீதம். 2028-இல் அந்தப் பதவியையே எடுத்துவிடுவதாக அரசு அறிவித்துவிட்டது. ஒருவர் கையில் எல்லாம் கொடுத்து, அவரை யாரென்றே ஊருக்குத் தெரியாவிட்டால் இதுதான் கதி.

ஏப்ரல் 5

நம் இந்தியாவில் இப்படி வருமா என்று ஆறு பேர் கேட்டுவிட்டீர்கள். அங்கே போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, மாநகராட்சிக்கு அதன் பட்ஜெட்டில் பங்கே இல்லை. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை மீது நடக்கும் விவாதம்தான் கணக்குக் கேட்கும் இடம். 2006 செப்டம்பர் 22 அன்று போலீஸ் சீர்திருத்தம் கேட்ட பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த ஏழு உத்தரவுகளில் மாநிலப் பாதுகாப்பு ஆணையமும், மாநில, மாவட்ட அளவில் புகார் ஆணையமும் உண்டு. வட்டார அளவில் ஆள் எண்ணிக்கையைப் பொதுமக்கள் கேட்கும் ஏற்பாடு அதில் இல்லை. இதற்குத் தனி இழை போடுங்கள், அங்கே வேலை பார்த்தவர்கள் எழுதினால் நான் படிக்கும் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஏப்ரல் 11

காலம் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன், எல்லாவற்றையும்விட முக்கியம். எங்கள் நகரத்தின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கும். முதல் வருஷம் பட்ஜெட் புத்தகம் எங்கள் கைக்கு மே கடைசியில் வந்தது. முந்நூறு பக்கம், பத்து நாள். துறை தன் கோரிக்கையை டிசம்பரிலேயே எழுதி முடித்துவிட்டது, மேயர் அலுவலகம் மார்ச்சில் பார்த்துவிட்டது. எங்களுக்கு வந்தபோது மை காய்ந்து ஐந்து மாதம். பேசினோம், கை தட்டினார்கள், ஒரு வரி மாறவில்லை.

மூன்றாம் வருஷம் வேறு மாதிரி செய்தோம். அக்டோபரிலேயே, துறை எழுதத் தொடங்கும் முன்பே, எங்கள் கேள்விகளை எழுத்தில் அனுப்பினோம். ஏழே கேள்வி. பதிலைக் கோரிக்கையோடு இணைக்க வேண்டும் என்று கவுன்சிலில் ஒரு தீர்மானம் வாங்கினோம். அந்த வருஷம் இருபது புதிய பணியிடம் கேட்க நினைத்திருந்த துறை, பழைய காலியிடத்தை நிரப்பவும், அறிக்கை தட்டச்சு, சான்றுப்பொருள் அறை, வாகன நிர்வாகம் போன்ற மேஜை வேலைகளில் உட்கார்ந்திருந்த சீருடை அதிகாரிகளுக்குப் பதில் சிவிலியன் ஊழியரை வைக்கவும் கேட்டது. எங்களால்தான் என்று மார்தட்ட மாட்டேன். புதிய தலைமை அதிகாரிக்கும் அதே எண்ணம் இருந்தது. அவர் எங்கள் கேள்வித் தாளைக் காட்டித் தன் துறைக்குள் பேச முடிந்தது என்று பிறகு சொன்னார்.

யூனியன் ஒப்பந்தப் பேச்சு மூடிய அறையில் நடக்கும், அங்கே உங்களுக்கு இடமில்லை. ஆனால் பேச்சு தொடங்கும் முன் நகரத்தின் தரப்பு எதைக் கேட்கப்போகிறது என்று கருத்துச் சொல்ல முடியும். கட்டாய ஓவர்டைமுக்கு உச்சவரம்பு என்பதை யூனியனே விரும்பும். அந்த இடத்தில் நீங்களும் அவர்களும் ஒரே பக்கம். நான் அதைக் கண்டுபிடிக்க மூன்று வருஷம் ஆனது, இரண்டாவது எண்காரர் யூனியன் பிரதிநிதியாக வந்து எதிரே உட்கார்ந்த அன்று.

மே 8

தம்பி தேர்வாகிவிட்டார். முதல் கூட்டம் அடுத்த வியாழன். என்ன கொண்டுபோவது என்கிறார்.

ஒரே ஒரு தாள். கடந்த பன்னிரண்டு மாதம், ஒவ்வொரு மாதமும்: அனுமதித்த பணியிடம், ஆள் உள்ள பணியிடம், பணிக்கு வரக்கூடியவர், ஓவர்டைம் மணி நேரம். அந்த ஓவர்டைமை நான்காகப் பிரிக்கச் சொல்லுங்கள்: ஆள் இல்லாததால், நீதிமன்றம், விசாரணை நீண்டதால், நிகழ்ச்சிக் காவல். சம்பளப் பட்டியல் மென்பொருளில் காரணக் குறியீடு ஏற்கெனவே இருக்கும், புதிதாக யாரும் உழைக்க வேண்டியதில்லை. "பார்க்கிறோம்" என்பார்கள். தேதி கேளுங்கள், அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்தத் தாள் வர பதினான்கு மாதம் ஆனது.

கூட்டத்துக்குப் போகும் முன் ஒரு இரவு ரோந்து காரில் போய் வாருங்கள். பட்டியல் எதையும் திரையில் போடும் முன் போய் வாருங்கள்.